ஒவ்வொரு அறையிலும் ஒரு ஃபேன் கொக்கி: வீடு கட்டித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

வீடு கட்டி விற்கும் நிறுவனத்தாருக்கும், அவர்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் கட்டிடக் கலைஞர்களுக்கும் வணக்கம்.

படுக்கையறைச் சீலிங்கில் ஃபேன் மாட்ட வழி வைப்பதைப் பலரும் கைவிட்டு வருகிறீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும். தளத்துக்குக் கீழே பலகையால் ஃபால்ஸ் சீலிங் போட்டு, சுற்றிலும் டவுன்லைட் (சீலிங்கில் பதிக்கும் விளக்கு) வைத்தால் மாதிரி வீடு பளிச்சென்று இருக்கிறது. நடுவில் ஃபேன் தொங்கினால் படத்தில் எடுப்பாக இல்லை. எங்களுக்கு அண்மையில் சாவி கொடுத்த நிறுவனத்தின் பொறியாளரிடம் இதைக் கேட்டேன். "எல்லா ரூம்லயும் ஏசி பாயின்ட் குடுத்திருக்கோமே சார், ஃபேன் எதுக்கு?" என்றார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை.

ஃபேன் மாட்ட வழியில்லாத அந்த அறைகளில் ஒன்று என் அப்பாவுக்கு. ஏசிக் குளிர் நேராகப் பட்டால் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். வாழ்நாளெல்லாம் தலைக்கு மேல் மெல்ல ஓடும் ஃபேனில் தூங்கியவர். கொக்கி இல்லாததால் இப்போது கட்டிலுக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவில் ஒரு பெடஸ்டல் ஃபேன் நிற்கிறது. அதன் வயர், அவர் இரவில் எழுந்து நடக்கும் வழியில் குறுக்கே கிடக்கிறது. சுவரோரமாக டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம். ஃபேனை நகர்த்தும்போதெல்லாம் பிய்ந்துவிடுகிறது. விளக்குப் போடாமலே காலால் வயரைத் தடவித் தாண்டப் பழகிக்கொண்டிருக்கிறார். வயதானவர் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்புறமா துளை போட்டு மாட்டிக்கலாமே" என்பீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டினோம். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகை, ஓடும் ஃபேனின் எடையையும் அதிர்வையும் தாங்காது. மேலே உள்ள காங்கிரீட் தளத்திலிருந்துதான் தொங்கவிட வேண்டும். அதற்குப் பலகையை வெட்ட வேண்டும், தளத்தில் துளையிட வேண்டும். உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது, வயர் குழாய் எங்கே போகிறது என்று காட்டும் வரைபடம் எங்கள் கையில் இல்லை. தளம் போடும் நாளில் கம்பியோடு கட்டிவைத்திருந்தால் மிகச் சின்ன வேலையாக முடிந்திருக்கும் ஒரு ஃபேன் பாக்ஸுக்காக (கொக்கியோடு தளத்தில் புதைக்கும் பெட்டி), இன்று குடியிருக்கும் வீட்டை உடைக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கேட்கிறேன்: ஒவ்வொரு அறையிலும், தளம் போடும்போதே, ஃபேன் கொக்கியும் வயரும் வையுங்கள்.

ஏசி இருந்தால் ஃபேன் வேண்டாம் என்ற எண்ணமே தவறு. ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைக் குளிர்விக்கிறது. நகரும் காற்று வியர்வையை உலர்த்தி, தோலில் தேங்கிய சூட்டை எடுத்துப்போகிறது. அதனால் ஏசியை 24 டிகிரியில் வைப்பவர், ஃபேன் ஓடினால் 26இல் வைத்தும் அதே சுகத்தோடு தூங்கலாம். பழைய மோட்டார் ஃபேன் 70, 80 வாட் எடுக்கும். பிஎல்டிசி என்னும், மின்சாரம் குறைவாக எடுக்கும் புதுவகை மோட்டார் ஃபேனுக்குச் சுமார் 30 வாட் போதும். ஒன்றரை டன் ஏசி முழுமூச்சில் ஓடும்போது எடுப்பது ஏறக்குறைய 1500 வாட். அந்த ஏசியின் சுமையைக் குறைக்க 30 வாட் போதுமென்றால், அதற்கான கொக்கியை மறுப்பதில் என்ன நியாயம்? மின்சாரம் போய்விட்டால் சின்ன இன்வெர்ட்டரிலும் ஃபேன் இரவெல்லாம் ஓடும், ஏசி ஓடாது. 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஃபேன் மட்டும் போதாது, அனல் காற்றைத்தான் உடம்பில் அடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்டின் பெரும்பாலான இரவுகள் அப்படிப்பட்டவை அல்ல.

கொக்கி வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறையின் நட்டநடுவில் குறி போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். 10 அடி அகல அறையில் ஒரு சுவரை 2 அடி ஆழ அலமாரி பிடித்துக்கொள்கிறது. 1200 மில்லிமீட்டர் ஃபேனை நடுவில் மாட்டினால் இறக்கை நுனிக்கும் அலமாரிக்கும் இடையே மிஞ்சுவது ஓர் அடி. பரண் கதவைத் திறந்தால் இறக்கையில் இடிக்கும். அலமாரி எங்கே, கட்டில் எங்கே என்று உங்கள் வரைபடத்திலேயே இருக்கிறதே! கட்டிலுக்கு மேலே வையுங்கள். சுவரிலிருந்தும் அலமாரியிலிருந்தும் இறக்கை நுனி ஒன்றரை அடியாவது தள்ளியிருக்கட்டும். இறக்கை தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வரக் கூடாது. சீலிங்குக்கும் இறக்கைக்கும் நடுவே 10 அங்குலமாவது இருந்தால்தான் ஃபேன் மேலிருந்து காற்றை நன்றாக இழுக்கும். ஃபால்ஸ் சீலிங் உயரத்தைத் தின்னும்போது முதலில் அடிபடுவது இந்தக் கணக்குதான். டவுன்லைட்டை இறக்கை வீச்சுக்கு மேலே வைத்தால் ஃபேன் ஓடும்போது வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். அந்த அறையில் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்?

ஃபேனோடு இது நிற்கவில்லை என்பதுதான் என் வருத்தம். மேற்கு வெயில் முழுதும் இறங்கும்படி பெரிய கண்ணாடி வைக்கிறீர்கள், அதில் பாதி திறக்கவே வராது. எதிர்ச் சுவரில் ஜன்னல் கிடையாது, காற்று வந்து போக வழியில்லை. மொட்டை மாடித் தளத்துக்கு வெப்பத் தடுப்பு கிடையாது. முதலில் வீட்டைச் சூடாக்கிவிட்டு, பிறகு அந்தச் சூட்டை ஏசி போட்டு விரட்டச் சொல்கிறீர்கள். அதற்கான மின்கட்டணத்தை வாழ்நாள் முழுதும் கட்டப்போகிறவர்கள் நாங்கள். சாவி கொடுத்த அன்றோடு உங்கள் கணக்கு முடிந்துவிடுகிறது.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கனிவோடு கேட்டுக்கொள்கிறேன். இனிப் போடும் ஒவ்வொரு தளத்திலும், ஏசி பாயின்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஃபேன் பாக்ஸ் வையுங்கள். மாட்டுவதும் மாட்டாததும் வாங்குகிறவர் விருப்பமாக இருக்கட்டும். ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளுக்குத் தளத்தின் கம்பி வரைபடத்தையும் வயர் குழாய் வரைபடத்தையும் குடியிருப்போர் கேட்கும்போது கொடுங்கள். எங்களுக்கு ஒப்படைத்த நிறுவனத்திடம் அதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். அது கைக்கு வந்தால் அப்பாவின் அறையில் துளை போடும் வேலையைத் தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
புதுவீட்டுக்குக் குடிவந்த ஒருவர்