சத்திரசிகிச்சை செய்தவர்கள் காட்டுப்பாதைக்கு அவசரப்பட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடித் திருவிழாவுக்காக உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழி யாத்திரையாக நடப்பவர்களில், "ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சால் நடந்து வாறன் முருகா" என்று நேர்ந்துகொண்டவர்களும் இருப்பார்கள். குடலிறக்கம், பித்தப்பை, கருப்பை, சிசேரியன் என்று வயிற்றில் கத்தி பட்டவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். சித்திரையில் தையல் வெட்டியவர் அந்த ஆடியிலேயே காட்டுக்குள் இறங்கக் கூடாது. ஏன் கூடாது என்பதையும், திரும்பவும் நெடுந்தூரம் நடக்க உடம்பை எப்படிப் பழக்குவது என்பதையும் தங்கள் பத்திரிகை வழியே சொல்ல விரும்புகிறோம்.

தோல் பத்துப் பதினான்கு நாளில் ஒட்டிவிடும். அதைப் பார்த்துத்தான் காயம் ஆறிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆனால் வயிற்றைத் தாங்குவது தோலுக்கு அடியில், தசைகளைப் போர்த்தியிருக்கும் தடித்த வெள்ளைச் சவ்வு. வெட்டிய இடம் மூன்று கிழமையில் பழைய பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் பெற்றிருக்கும். சுமார் 80 வீதத்தை எட்ட மூன்று மாதமாவது வேண்டும். அதற்கு மேல் பெரிதாக ஏறுவதும் இல்லை. இந்த இடைவெளியில் பாரம் தூக்கினாலோ, மலச்சிக்கலில் முக்கினாலோ, விடாமல் இருமினாலோ உள்ளே மெல்லப் பிரியும். அப்போது வலி தெரியாமலும் போகலாம். சில மாதம் கழித்து, இருமும்போது வடுவின் ஓரத்தில் ஒரு புடைப்பு எழும்பும். அது புதிய குடலிறக்கம். பெரும்பாலும் இன்னொரு ஒப்பரேசனில்தான் போய் முடியும்.

அதற்காகப் பாயோடு கிடக்கவும் கூடாது. கிடந்தால் கால் நாளத்தில் இரத்தம் கட்டியாகலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. ஆகவே வைத்தியர் சம்மதித்த அன்றே நடை தொடங்க வேண்டும். முதல் இரண்டு கிழமையும் வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும் ஐந்து ஐந்து நிமிடமாக, நாளைக்கு நாலைந்து தடவை போதும். கூனாமல் நிமிர்ந்து நடக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக் குனிந்தே நடப்பவர்களுக்கு நாரிப்பிடிதான் மிஞ்சும்.

மூன்றாம், நான்காம் கிழமைகளில் மட்டமான வீதியில் காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம். மட்டக்களப்பில் இருப்பவர்களுக்குப் பழைய கல்லடிப் பாலம் நல்ல அளவுகோல்: கிட்டத்தட்ட 300 மீற்றர், ஏற்றம் இறக்கம் இல்லை, வாவிக் காற்றும் உண்டு. போய்த் திரும்பினால் 600 மீற்றர். ஆறாம் கிழமை முடிவில் ஒரே மூச்சில் அரை மணி நேரம், ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நடக்க வந்தால் அது நல்ல முன்னேற்றம். நடந்துகொண்டே ஒரு முழு வசனம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். இரத்தம் அதிகம் போனவர்களுக்கு இரத்தச் சோகையாலும் இப்படி வாங்கும். கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருந்தால் கிளினிக்கில் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

கூட்டுவதற்கு ஒரு விதி உண்டு. இன்று நடந்ததன் கணக்கு நாளை விடியத்தான் தெரியும். எழும்பும்போது வயிற்று வலியோ காயத்து வீக்கமோ நேற்றையைவிடக் கூடியிருந்தால், அன்று பாதித் தூரம்தான். கூடவில்லையென்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் சேர்க்கலாம். நடக்கப் போகும் முன் பனடோல் போட்டுக்கொண்டு தூரத்தைக் கூட்டுவது மிகத் தவறு. எச்சரிக்கை மணியை நாமே கழற்றி வைப்பது போன்றது.

கடற்கரை மணல் பலர் விடுகிற பிழை. கால் புதையும் மணலில் நடக்க, கெட்டி நிலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி செலவாகிறது. ஒவ்வொரு அடியிலும் வயிற்றுத் தசை இறுகுகிறது. எட்டாம் கிழமைக்கு முன் மணலில் இறங்க வேண்டாம். பிறகும் அலை நனைத்த இறுகிய மணலில், பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்தான் படும். போன வழியே திரும்பி வந்தால்தான் இடுப்பு இரண்டு பக்கமும் சமமாக உழைக்கும்.

உடுப்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சிசேரியன், கருப்பைச் சத்திரசிகிச்சை வடு பெரும்பாலும் அடிவயிற்றின் மடிப்பில் இருக்கிறது; உட்பாவாடை நாடா இறுகுவதும் சில பெண்களுக்கு அதே இடத்தில்தான். கமரா மூலம் பித்தப்பை எடுத்தவர்களுக்குத் தொப்புளடியில் துவாரம். அரைஞாண் கயிறும் சாரத்தின் முடிச்சும் அங்கேதான் உரசும். வியர்வையோடு ஒரு மணி நேரம் உரசினால் புதுத்தோல் சிவந்து உரிந்துவிடும். நாடாவை வடுவுக்கு நாலு விரல் மேலே கட்டுங்கள், அல்லது அகலமான பருத்திப் பட்டி வைத்த உடுப்பை உடுத்துங்கள்.

பாரத்துக்கு வருவோம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. பெரிய குடம் நிறைந்தால் பன்னிரண்டு கிலோவைத் தாண்டும். ஆறு கிழமைக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. வயிற்றைத் திறந்து செய்தவர்கள் வைத்தியரைக் கேட்டு இன்னும் தள்ளிப்போட வேண்டும். காட்டுக்குள் போகிறவரின் பொதியில் அரிசி, தண்ணீர், பாய், உடுப்பு எல்லாம் சேர்ந்து பத்துக் கிலோவைத் தொடும். அந்தப் பாரத்துக்கும் படிப்படியாகத்தான் பழக வேண்டும். பன்னிரண்டாம் கிழமைக்குப் பிறகு ஒரு போத்தல் தண்ணீரோடு தொடங்கி, கிழமைக்கு ஒரு கிலோ கூட்டுங்கள். இரண்டு தோளிலும் மாட்டும் பையே வேண்டும். ஒரு தோளில் தொங்கினால் உடம்பு ஒரு பக்கம் முறுகும்.

இதே காலத்தில்தான் ஏற்றத்தையும் பழக வேண்டும். தாந்தாமலை போன்ற இடத்தில் பொதியில்லாமல் ஏறிப் பாருங்கள். கால் நோவு ஏறியதால் அல்ல, இறங்கியதால்தான் பெரும்பாலும் வரும். அதுவும் மறுநாளோ அதற்கு மறுநாளோதான் உச்சத்துக்குப் போகும். ஆகவே மலைக்கு அடுத்த நாள் ஓய்வு.

காட்டில் கஷ்டமானது முதல் நாள் அல்ல. குமுக்கன் ஆற்றைக் கடந்து நாவலடி, வியாழை என்று போகும்போது, முதல் நாள் அலுப்பு ஆறாமலே மறுநாளும் நடக்க வேண்டும், வெறும் நிலத்தில் படுக்க வேண்டும். நிமிர்ந்தபடியே எழும்பினால் வடு இழுபடும். பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழும்பப் பழகுங்கள். எங்கள் கணிப்பில், அடுத்தடுத்து இரண்டு நாள், நாளுக்குப் பதினைந்து கிலோமீற்றர், ஐந்து கிலோ பொதியோடு நடந்து, மூன்றாம் நாள் விடிய வலியில்லாமல் எழும்புகிறவர்தான் காட்டுக்குத் தயார். கமரா மூலம் செய்தவர்களுக்கு இதற்கு நாலைந்து மாதம் பிடிக்கும், திறந்து செய்தவர்களுக்கு ஆறு மாதம். இதய, முழங்கால் சத்திரசிகிச்சைகளின் கணக்கு வேறு.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. சிறுநீர் கடும் மஞ்சளானால் நின்று குடியுங்கள். ஜீவனியை, அதாவது நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச்சர்க்கரைத் தூளை, பைக்கற்றில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கரைத்தால் உப்புக் கூடிவிடும். உடம்பில் நீர் வற்றிய நிலையில் டைக்ளோபினாக் போன்ற நோ மாத்திரைகளைப் போட்டால் சிறுநீரகம் பழுதாகலாம். நீரிழிவுள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, பாதம் சுட்டாலும் அவர்களுக்கு உறைக்காமல் போகலாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால், திடீரென மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், காயத்தில் சீழோ 38 பாகை செல்சியஸைத் தாண்டும் காய்ச்சலோ வந்தால், வடுவில் புடைத்தது உள்ளே போகாமல் வலித்து வாந்தியும் எடுத்தால், நடையை அங்கேயே நிறுத்திவிட்டு 1990க்கு அழையுங்கள். வீதியில் இருந்தால் அம்புலன்ஸ் வரும். காட்டின் நடுவில் வர வழியில்லை.

யாத்திரைக் குழுத் தலைவர்களிடமும் ஆலய நிருவாகத்தினரிடமும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். குழுவில் சேர்பவரிடம் பெயரோடு கடைசியாகச் செய்த சத்திரசிகிச்சையின் திகதியையும் கேட்டு எழுதுங்கள். வைத்தியசாலை கொடுத்த டயக்னோசிஸ் அட்டையையும் பாருங்கள். காலம் போதாதவரை மனம் நோகத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவர் பாணமையிலிருந்து உகந்தை வரை, வாகனம் போய்வரும் பாதையில், பொதியில்லாமல் முடிந்த தூரம் நடக்கட்டும். உகந்தையில் கும்பிட்டுவிட்டு கதிர்காமத்துக்கு பஸ்ஸில் வரட்டும். காட்டுவழியை அடுத்த ஆண்டு நடக்கலாம்.

இப்படிக்கு,
இயன்மருத்துவத் துறையினர் இருவர்,
களுவாஞ்சிக்குடி.