லாட்ஜ் வாடகை

பாப்பா,

போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். பழைய ஓம்னி ஒன்றை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து, நீயும் உன் சிநேகிதியும் மரக்காணத்தில் ஆரம்பித்துக் கன்னியாகுமரி வரைக்கும் கரையோரமாகவே 20 நாள், வண்டியிலேயே படுத்து, வண்டியோரமாகவே சமைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து 16,000 ரூபாயில் போகப் போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. கரையோரம் என்றால் நேர் ரோடு கிடையாது, ஊர் ஊராக உள்ளே நுழைந்து வெளியே வர வேண்டும், எப்படியும் 800 கிலோமீட்டர் வரும். சாமானோடு ஓம்னி லிட்டருக்கு 14 கொடுத்தால் பெரிய விஷயம். பெட்ரோலுக்கே 6,000 போய்விடும். மீதி 10,000, அதாவது நாளைக்கு 500 ரூபாய், இரண்டு வயிறு. முடியும். நாகூரில் சாயங்காலம் இறால் வைத்த வாடா, கீழக்கரையில் தொதல், உடன்குடியில் கருப்பட்டி, இதெல்லாம் தின்றுவிட்டும் முடியும், மதியச் சாப்பாட்டை மட்டும் நீங்களே பார்த்துக்கொண்டால். தூத்துக்குடி போல மாநகராட்சி ஊர் வந்தால் அம்மா உணவகம் இருக்கும், இட்லி ஒரு ரூபாய். கௌரவம் பார்க்காதே.

வண்டியைப் பற்றி உனக்கு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓம்னிக்கு இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். இரண்டு மணி நேரம் ஓட்டினால் அடுப்பின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும், நிறுத்திய பிறகும் அந்தச் சூடு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நிறுத்தி எல்லாக் கதவையும் திறந்து போடு. சூடு தாங்கவில்லை என்று இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் மட்டும் தூங்காதே, பாப்பா. சைலன்சரில் ஊசி முனை ஓட்டை இருந்தால் போதும், அந்தப் புகையில் ஆளைக் கொல்கிற வாயுவுக்கு வாசனையே இல்லை. 2024 டிசம்பரில் கேரளாவில், வடகரையில், கேரவனுக்குள் இரண்டு பேர் அப்படித்தான் செத்துக் கிடந்தார்கள், அது ஜெனரேட்டர் புகை. கேஸ் அடுப்பும் அப்படித்தான், மழை பெய்தாலும் வெளியே வைத்துத்தான் சமையல். மூடிய வண்டிக்குள் கொசுவத்தியும் வேண்டாம். கொசுவலைத் துணியை ஜன்னல் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் காந்தத் துண்டு தைத்து ஒட்டிவிடு, தகரத்தில் கப்பென்று பிடித்துக்கொள்ளும். உப்புக் காற்று அந்தத் தகரத்தைத் தின்னும், நாலு நாளைக்கு ஒருமுறை அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவு.

மணலில் இறக்காதே. எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் இறக்காதே, அந்தச் சின்னச் சக்கரத்துக்கு அது ஆகாது. கடை கடையாகப் பிஸ்கட் போடுகிற லைன் வண்டி ஓட்டிய காலத்தில் தொண்டிப் பக்கம் ஒருமுறை, நிழலுக்காகப் பத்தடி உள்ளே விட்டேன், பின் சக்கரம் பாதி இறங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகிக்கொண்டே போனது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஐந்தாறு பேர் எழுந்து வந்து, முதல் வேலையாக என்னைத் திட்டி இறக்கிவிட்டு, டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கி, பனை மட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, பின்னால் கயிறு கட்டி இழுத்தார்கள். ஒரு மணி நேரம். காசு வாங்கமாட்டேன் என்றார்கள். சரக்கிலிருந்து இரண்டு பெட்டி பிஸ்கட்டை எடுத்து அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், அந்த மாதச் சம்பளத்தில் இரண்டு பெட்டிக்கும் பிடித்தார்கள். பரவாயில்லை, இப்போது நினைத்தாலும் அது நல்ல வியாபாரம்தான்.

எங்கே படுப்பது என்பதுதான் உன் அம்மாவின் கேள்வி. ஆள் இல்லாத இடம்தான் அழகாக இருக்கும், அங்கே படுக்காதே. லாரிகள் நிற்கிற பெரிய பங்க், வேளாங்கண்ணி மாதிரி ராத்திரியும் சனம் நடமாடுகிற ஊர், இது இரண்டும் நல்லது. பங்க்கில் காற்றும் குடிதண்ணீரும் கழிப்பறையும் காசில்லாமல் தர வேண்டும் என்பது விதி. அதற்காக விதி பேசிக்கொண்டு போய் நிற்காதே, 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுவிட்டுச் சிரித்தமுகமாகக் கேள். மீனவர் ஊர் என்றால் இருட்டுவதற்கு முன்னால் போய்ச் சேர், பஞ்சாயத்தார் யார் என்று விசாரித்து, இன்ன ஊர், இன்னார் பிள்ளைகள், ஒரு ராத்திரி நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டுவிடு. கேட்டுவிட்டால் நீ அந்த ஊர் விருந்தாளி, உன் வண்டிப் பக்கம் ஒருத்தன் வரமாட்டான். கேட்காமல் நிறுத்தினால் விடிகிற வரைக்கும் நீ யாரோ. அப்புறம், உனக்கு அது கடற்கரை, அவர்களுக்கு அது ஆபீஸ். 4 மணிக்குப் படகு வர ஆரம்பித்துவிடும். கருவாடு காய்கிற இடத்திலும் ஏலம் போடுகிற இடத்திலும் பாய் விரித்துக் காலை நீட்டிக்கொண்டு படம் எடுக்க வேண்டாம்.

வண்டியின் முகம் எப்போதும் ரோட்டைப் பார்த்து இருக்கட்டும், சாவி கைக்கெட்டும் இடத்தில். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் லைன் போன காலத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமை ராத்திரியும் நாகப்பட்டினம் கீச்சாங்குப்பத்தில்தான் நிறுத்துவேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் உனக்குத் தலை பின்னத் தெரியாமல் பின்னிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது, நான் டீ குடிக்கிற கடை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. டீ கொடுக்கிற அம்மாவைப் பற்றி நான் யாரிடமும் விசாரிக்கவே இல்லை. விசாரித்திருக்க வேண்டும்.

வேதாரண்யம் தாண்டினால் தென்னந்தோப்பு நிழல் கிடைக்கும் என்று உன் சின்ன வயதில் நான் சொன்னதை நம்பிப் போகாதே. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தத் தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது, இப்போது நிற்பதில் பாதி புதுக்கன்று. கோடிக்கரைக்கு விடியற்காலையில் போ, வெளிமான் பார்க்கலாம், தை மாதம் என்பதால் பூநாரையும் இருக்கும். மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா, நெப்போலியன் தோற்றதற்குத் தஞ்சாவூரில் இருந்த நம் சரபோஜி கட்டிய கோபுரம், அவன் தோற்றால் இவருக்கு என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் சாயங்காலம் அந்தத் திண்ணையில் அடிக்கிற காற்று வேறு எங்கேயும் கிடையாது. தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு இருக்க விடமாட்டார்கள், அங்கே தங்குவதாகத் திட்டம் போட்டிருந்தால் மாற்றிக்கொள். ஒரு பக்கம் குளம் மாதிரி கிடக்கிற கடல், மறுபக்கம் சீறுகிற கடல். குளம் மாதிரி இருக்கிற பக்கமும் இறங்கிக் குளிக்க வேண்டாம், நீரோட்டம் மேலே தெரியாது. தலைக்குக் குளிக்க வேண்டுமென்றால் திருச்செந்தூர் நாழிக்கிணறு இருக்கிறது, கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர். தைப்பூசத்தை ஒட்டி மட்டும் அந்தப் பக்கம் வண்டியோடு போய் மாட்டிக்கொள்ளாதே.

இன்னொன்று, தை மாசியில் ஆமை முட்டையிடக் கரையேறும். ராத்திரி மணலில் டார்ச் அடித்துக்கொண்டு திரியாதீர்கள்.

சரி, நான் ஏன் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்கிறேன். 1999-லிருந்து எட்டு வருஷம் பிஸ்கட் லைன் வண்டி ஓட்டினேன் அல்லவா, திங்கள் போய்ச் சனிக்கிழமை வருவேன். பேட்டா போக, ராத்தங்கலுக்கு என்று ஒரு நாளைக்கு 150 ரூபாய் கொடுப்பார்கள், பில் கேட்கமாட்டார்கள். எட்டு வருஷத்தில் நான் லாட்ஜில் படுத்தது மழைக்காலத்தில் சில நாள், காய்ச்சல் வந்தபோது ஒருமுறை. மற்ற நாளெல்லாம் பிஸ்கட் பெட்டியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, காலை மடக்கிக்கொண்டு, வண்டிக்குள்தான். வாரத்துக்கு 750. உன் பள்ளிக்கூட பீஸ் எப்படிக் கட்டினோம் என்று அம்மாவுக்கு ஒரு கணக்கு தெரியும், எனக்கு ஒரு கணக்கு தெரியும்.

நாகப்பட்டினம் லாட்ஜில் ஃபேன் சத்தம், மணமேல்குடி லாட்ஜில் மூட்டைப்பூச்சி என்று உங்களிடம் கதை விட்டதெல்லாம் பொய். நீ கேட்பாய் என்று சின்ன சோப்பு கொண்டுவருவேனே, லாட்ஜில் கொடுத்தது என்று, நீகூட அதை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாய், அதெல்லாம் முத்துப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக் கடையில் டஜன் கணக்கில் வாங்கியது.

கஷ்டப்பட்டேன் என்று சொல்ல வரவில்லை. முதல் வருஷம் கஷ்டமாக இருந்தது. அப்புறம் என்னவோ, ராத்திரி பக்கக் கதவைத் திறந்துவைத்து அலைச் சத்தத்தில் படுத்திருப்பது பழகிவிட்டது. சனிக்கிழமை வீட்டில் கட்டிலில் படுத்தால் தூக்கம் வராது. அதை உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் வண்டியைத் தஞ்சாவூர் கொண்டு வா. ஸ்டெப்னியும் ஜாக்கியும் நான் பார்க்க வேண்டும், அந்தப் பலகையை எந்தப் பக்கம் தலை வைக்கிற மாதிரி அடித்திருக்கிறாய் என்றும் பார்க்க வேண்டும், ஓம்னியில் எல்லோரும் அதைத்தான் தப்பாகச் செய்வார்கள். தினம் ராத்திரி எங்கே நிறுத்தினாய் என்று எனக்கு மெசேஜ் போடு, அம்மாவுக்கு வேறு ஏதாவது ஊரில் லாட்ஜ் எடுத்திருப்பதாகப் போடு. சோப்பு நான் வாங்கித் தருகிறேன்.

அப்பா