செயலாளர் ஆண்டறிக்கை: கருவிப் பராமரிப்புப் பிரிவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பராமரிப்பு மேசைக்கு இவ்வாண்டு அதிகம் வந்தவை, திருகும்போது இலகுவாக ஓடாமல் இறுகும் 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர்கள் (நுண்ணளவு பார்க்கும் திருகுக் கருவிகள்). அவற்றைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இறுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம், மரையில் (திருகின் புரியில்) காய்ந்து பிசினாகிவிட்ட பழைய எண்ணெய். அதன் மேலேயே புது எண்ணெய் விட்டால் சில நாள் இளகும். கரைந்த அழுக்கு மரைக்குள் இன்னும் ஆழமாகப் போய் மறுபடி இறுகும். இன்னும் கெடுதலானது, மரையின் பிடிப்பைச் சரிசெய்யும் நட்டைத் தளர்த்தி இறுக்கத்தை மறைப்பது. மரை ஒரு சுற்றுக்கு நகரும் தூரம் வெறும் 0.5 மி.மீ. அதில் ஆட்டம் வந்துவிட்டால் 0.01 மி.மீ. அளவை நம்ப முடியாது. ஆகவே முதலில் கழுவ வேண்டும், நட்டைப் பிறகுதான் தொட வேண்டும்.

லாக் (நகரும் தண்டை நிறுத்தும் பூட்டு) பாதி பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில கருவிகளுக்கு வேறு நோயே இல்லை. லாக்கை முழுதும் விடுவித்து, திம்பிள் என்னும் சுழல் உருளையைத் திருகி, ஸ்பிண்டில் என்னும் அந்தத் தண்டை வெளியே எடுங்கள். ஸ்பிண்டில் வெளியே இருக்கும்போது லாக்கைத் திருப்பக் கூடாது. உள்வளையம் இடம் மாறினால் திரும்ப நுழையாது. மினரல் டர்பெண்டைனில் நனைத்த மென்மையான தூரிகையால் மரையையும் நட்டின் உட்புறத்தையும் தேய்த்து, நூல் உதிராத துணியால் துடைத்து உலர விடுங்கள். அசிட்டோன் ஃபிரேமின் பெயிண்டைக் கரைக்கும். காற்றழுத்தக் குழாயால் ஊதினால் துகள் உள்ளே போய் ஒட்டும். உப்புத்தாளோ, தேய்த்து மெருகேற்றும் லேப்பிங் பசையோ மரையில் படவே கூடாது. டிஜிட்டல் மைக்ரோமீட்டரை இப்படிக் கழற்ற வேண்டாம்.

மரைக்கு மெல்லிய கருவி எண்ணெய் ஒன்றிரண்டு துளி போதும். கிரீஸ் வேண்டாம். ஸ்பிண்டிலைத் திரும்ப நுழைத்து, முழு நீளமும் சில முறை ஓட்டி, வெளியே வழிந்ததைத் துடையுங்கள். ஆட்டம் இருந்தால் மட்டும் நட்டைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

கழுவியும் இறுகினால் எங்கே இறுகுகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்தால் ஸ்பிண்டில் வளைந்திருக்கலாம். ஒரு பகுதியில் இலகுவாகவும் மற்றப் பகுதியில் இறுக்கமாகவும் ஓடினால், அடிக்கடி அளக்கும் இடத்தில் மரை தேய்ந்துவிட்டது. நட்டால் அதைத் தீர்க்க முடியாது.

அளவு முகங்களுக்கிடையே சுத்தமான தாளை ராட்செட்டால் (அழுத்தம் மிகாமல் நழுவும் முனைத் திருகால்) மெல்லப் பிடித்து உருவிய பின், முகங்களை மூடி அளவு பூஜ்யம் காட்டுகிறதா பாருங்கள். பிழை 0.01 மி.மீ.க்குள் என்றால் அளவுகோடுகள் உள்ள ஸ்லீவைச் சாவியால் திருப்பினால் போதும். பிறகு, கருவியும் கேஜ் பிளாக்கும் (துல்லிய அளவுக் கட்டையும்) 20 டிகிரி செல்சியஸில் நிலைத்தபின், 5.1, 10.3, 15.0, 20.2, 25 மி.மீ. பிளாக்குகளில் சோதியுங்கள். இந்த அளவுகள் திம்பிளின் வெவ்வேறு நிலைகளில் விழுவதால், ஒரு சுற்றுக்குள் ஒளிந்திருக்கும் பிழையும் தெரியும்.

பெட்டியில் வைக்கும்போது முகங்களுக்கிடையே சிறிது இடைவெளி விட்டு, லாக்கைத் திறந்தே வையுங்கள்.

வரும் ஆண்டில் மேசைக்கென்று தனி கேஜ் பிளாக் தொகுதி வாங்க ஒப்புதல் கோருகிறேன். பொது உபயோகத்துக்கு எடுத்துச் செல்லும் பிளாக்குகள் கீறிவிடுகின்றன. கீறிய பிளாக்கை வைத்துச் சோதனை செய்ய முடியாது.

செயலாளர்