கேமரா போகாத இடம்

ஆசிரியருக்கு,

கனடாவின் எண்ணெய் வயல்களில் தான் வேலை பார்த்த அனுபவத்தைக் கேட் பீட்டன் படக்கதையாக வரைந்திருக்கும் 'டக்ஸ்' (வாத்துகள்) நூலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த நூலைப் பற்றி எழுத ஒருவராவது வந்தாரே என்று சந்தோஷம்தான். ஆனால் இதைப் படங்களாக வரைந்திருக்க வேண்டியதில்லை, நேராக எழுதியே இருக்கலாம் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மும்பையில் எண்ணெய்த் துறை ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

எண்ணெயும் கேஸும் புழங்கும் இடத்துக்குள் சாதாரண செல்போனைக் கொண்டுபோக விட மாட்டார்கள். ஒரு பொறி போதும். கேமராவுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதனால் காலமெல்லாம் அங்கே உழைத்தவரிடம் தன் வேலையிடத்தின் போட்டோ ஒன்றுகூட இருக்காது. கம்பெனி காலண்டரில் சூரிய அஸ்தமனத்தோடு, கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் பிளாட்பாரம் அழகாகத் தெரியும், ஆள் தெரிய மாட்டான். அந்த வேலையை இன்னொருவர் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், பார்த்தவர் ஞாபகத்திலிருந்து வரைந்தால்தான் உண்டு. பீட்டன் அதைத்தான் செய்திருக்கிறார்.

கல்விக் கடனை அடைப்பதற்காக, கனடாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கேப் பிரெட்டனிலிருந்து, மேற்கே எண்ணெய் எடுக்கும் மாகாணமான ஆல்பர்ட்டாவுக்குப் போன பெண் அவர். வயது இருபதுகளின் தொடக்கம். 2005 முதல் 2008 வரையிலான கதை. அவருக்குக் கிடைத்த முதல் வேலை கருவிக் கிடங்கில். ஸ்டோர் வேலையில் நாள் முழுக்க ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் ஸ்பேனர் கேட்டு ஒருவன், கையுறை கேட்டு ஒருவன், ஒன்றுமே தேவையில்லாமல் பேச்சுக்கு ஆள் தேடி ஒருவன். இதை எழுத்தில் பத்து பக்கம் சொன்னாலும் அலுத்துவிடும். வரிசையாக முகங்களாகப் பார்க்கும்போது வேறு. ஆண்களே நிறைந்த அந்த முகாமில் ஒரு பெண்ணுக்கு அந்த ஜன்னல் எப்படிப்பட்ட இடம் என்பது முகங்களிலிருந்தே புரிகிறது. தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையையும் அவர் மறைக்கவில்லை. கட்டுரையாளர் இதை ஒரே வரியில் கடந்துவிட்டார். நூலின் மையமே அதுதானே? அதே சமயம் அந்த ஆண்களைப் பீட்டன் மொத்தமாக ராட்சசர்களாக்கவும் இல்லை. அவர்களில் பலர் அவருடைய ஊர்ப்பக்கத்துக்காரர்கள், அவரைப் போலவே பிழைக்க வந்தவர்கள். அந்தத் தனிமை ஒரு மனிதனை என்ன செய்கிறது என்றும் கேட்கிறார். வன்முறையை அனுபவித்தவரே அந்தக் கேள்வியையும் கேட்பது சாதாரண விஷயமில்லை.

கட்டுரையோடு கடலில் நிற்கும் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் படத்தைப் போட்டிருந்தீர்கள். அங்கே கடலே கிடையாது. ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மண்ணோடு தார் போல ஒட்டிக் கிடக்கிறது. அதைத் தோண்டி, பிரம்மாண்டமான லாரிகளில் ஏற்றிப் போய், வெந்நீர் விட்டுப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் கழிவுநீர் குளமாகத் தேங்கி நிற்கும். 2008-இல் அப்படி ஒரு குளத்தில் இறங்கிச் செத்த சுமார் 1,600 வாத்துகள்தான் நூலின் பெயருக்குக் காரணம். வாத்துகளுக்காக உலகமே பேசியது, குளத்தை வைத்திருந்த நிறுவனம் 30 லட்சம் கனடிய டாலர் கட்ட வேண்டி வந்தது. பேசியது சரிதான். ஆனால் அதே இடத்தில் உழைத்த மனிதர்களுக்காக யார் பேசினார்கள்?

நமக்கு வருவோம். அரபிக்கடலில் உள்ள பாம்பே ஹை எண்ணெய் வயலில் 1974-இல் 'சாகர் சம்ராட்' என்ற ரிக் எண்ணெய் கண்டது. மும்பையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தூரம். மும்பை ஜுஹு விமானத்தளத்தில் மூட்டையோடு எடை பார்த்து ஹெலிகாப்டர் ஏறுகிறவர்களும், கரையோர நாவா தளத்திலிருந்து சப்ளை படகில் சரக்கு ஏற்றுகிறவர்களும், பார்ஜ் என்ற தட்டையான மிதவைக் கப்பலில் மாதக்கணக்கில் தங்கி வெல்டிங் செய்கிற ஒப்பந்தத் தொழிலாளர்களும் என்று எத்தனை பேர்! அவர்களில் தமிழர்களும் உண்டு. இவர்களை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. 2005 ஜூலையில் பாம்பே ஹை நார்த்தில் தீ. 22 பேர் போனார்கள். 2021 மே மாதம் டவ்தே புயலில் பி-305 பார்ஜ் மூழ்கியது. அதிலும் வரப்பிரதா என்ற இழுவைப் படகிலுமாக 80 பேருக்கு மேல் இறந்தார்கள். கரைக்கு வந்தவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு நின்ற போட்டோக்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. ஆனால் புயலுக்கு முந்தின வாரம் அந்த பார்ஜில் அவர்கள் எப்படி இருந்தார்கள், எந்த அடுக்குக் கட்டிலில் படுத்தார்கள், மெஸ்ஸில் என்ன சாப்பிட்டார்கள், சிக்னல் கிடைக்கும் மூலையில் எவ்வளவு நேரம் நின்றார்கள்? இதற்குப் படமே இல்லை.

படக்கதை என்றால் குழந்தைகளுக்கு என்ற நினைப்பு நம்மிடம் இன்னும் போகவில்லை. எங்கள் செம்பூரிலும் தாராவியிலும் நன்றாக வரையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடலுக்குப் போய்வந்தவர்களும் அவர்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோதான் இருக்கிறார்கள். மாதம் நான்கு பக்கம் ஒதுக்குங்கள், அவர்களை உட்கார வைத்துப் பேச விட்டு வரையச் சொல்லலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்பார்கள், ஒப்பந்த வேலை போய்விடும் என்ற பயம். அந்த உறுதியை மட்டும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை