ஒரு சுற்றுலா நிறுவனத்துக்குத் திறந்த மடல்: அண்ணன் லிஞ்ச் வேறு, தம்பி லிஞ்ச் வேறு

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மூன்று மின்னஞ்சல் போட்டுவிட்டேன். பதிலாக வந்தது அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. நாங்கள் கேட்டது ஒரு திருத்தம்.

பஸ் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள லிஞ்ச்பர்க்கை நெருங்கும்போது உங்கள் வழிகாட்டி மைக்கில் சொன்னது: "கறுப்பர்களைத் தூக்கில் போட்ட சார்லஸ் லிஞ்ச் பேர்லதான் இந்த ஊர்." ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரான என் அப்பா எழுந்து, "ஊர் அவர் தம்பி ஜான் பேரில் இல்லையா?" என்றார். "உட்காருங்க சார், டைம் இல்ல." பஸ்ஸே சிரித்தது. அதன்பிறகு அப்பா ஜன்னலை விட்டு முகம் திருப்பவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "நான் தப்பாச் சொல்லிட்டேனாம்மா?" என்று கேட்டார். முப்பது வருடம் பாடம் நடத்திய மனுஷர்.

தப்பில்லை. 1757இல் ஜேம்ஸ் ஆற்றில் படகுத்துறை தொடங்கிய ஜானின் பெயர்தான் ஊருக்கு. சார்லஸ் புகையிலைத் தோட்டக்காரர், மிலிஷியா என்ற உள்ளூர்க் குடிப்படையில் கர்னல், அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் வர்ஜீனியா மாநில செனட்டர். பதவிப் பிரமாணம் எடுத்ததற்காகவே, பிரமாணம் எடுப்பதையே ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபை விலக்கி வைத்தவர். 1780இல், பிரிட்டிஷ் மன்னருக்கு ஆதரவாகச் சதி செய்ததாகச் சந்தேகித்தவர்களைத் தானே விசாரித்துத் தண்டித்தார். பெரும்பாலும் சவுக்கடிதான். அவர் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் 'லிஞ்ச்' (lynch) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கும்பல் கொலை என்ற பொருள் ஏறியது பிற்பாடு.

அவரை உத்தமராக்கச் சொல்லி எழுதவில்லை. அந்த விசாரணைக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. 1782இல் மாநிலச் சட்டமன்றமே, சட்டப்படி முழுக்கச் சரியில்லை, ஆனாலும் ஆபத்துக் காலத்தில் நியாயம்தான் என்று தனிச் சட்டம் போட்டு அவரை வழக்குகளிலிருந்து காப்பாற்றியது. முதுகில் அடி வாங்கியவன் யாரிடம் போய் முறையிடுவான்? அவருடைய நிலத்தில் அடிமைகள் உழைத்தார்கள். இதில் ஒரு வரியாவது மைக்கில் வந்ததா? வராது. அவுட்லெட் மாலுக்கு இரண்டரை மணி நேரம், வரலாற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். பேசாமல் பயணத்துக்கு "தள்ளுபடி யாத்திரை" என்று பெயர் வையுங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. கேட்பது ஒன்றுதான்: வழிகாட்டியின் குறிப்பில் அந்த வரியைத் திருத்துங்கள். சனிக்கிழமை அடுத்த பஸ் கிளம்புகிறது. அதற்குள் திருத்திவிட்டு, தயவுசெய்து அப்பாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். முகவரி உங்கள் முன்பதிவில் இருக்கிறது. கூப்பன் வேண்டாம்.

இப்படிக்கு,
பதினான்காம் இருக்கைக்காரரின் மகள்