வயபிள் இல்லன்னு சொன்னியே தம்பி

தம்பி, நல்லாருக்கியா, நேரத்துக்கு சாப்புடுறியா. சித்தி லோன் போட்டு கடல்பாசி வளக்கலாமான்னு கேட்டதுக்கு நேத்து நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ அவ எங்கிட்ட போட்டுக் காட்டுனா. "சித்தி, அந்த பாசி பிளான் வயபிள் இல்ல"ன்னு ஒத்த வரில முடிச்சுட்ட, அவளுக்கு நீ முடியாதுங்கிறியா வேணாங்கிறியான்னே புரியல, நீதான இங்கிலீஷ் டீச்சரு நீயே சொல்லுக்கான்னு என் தலைல கட்டிட்டுப் போய்ட்டா.

வயபிள்னா (viable) தாக்குப் புடிச்சு பொழைக்கக் கூடியதுன்னு அர்த்தம், 1800கள்ல பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்கு வந்தது. பிரெஞ்சுல வீன்னா உயிர், வாழ்க்கை, அதுக்கு மூலம் லத்தீன் வீட்டா. நீ முழுங்குற வைட்டமினும் அதே வீட்டாதான், 1912ல ஃபங்க்னு ஒரு விஞ்ஞானி வச்ச பேரு. (மதுரை வயா பரமக்குடின்னு பஸ்ல போடுறானே, அந்த வயா வேற, அது வழி.) மொதல்ல இத தொழிலுக்கு யாரும் சொல்லல, மாசம் நெறையாம பொறந்த புள்ள தாக்குப் புடிச்சு பொழைக்குமாங்கிறதுக்குத்தான் சொன்னாங்க, பிசினஸ் ஆளுங்க கைக்கு வந்ததெல்லாம் பின்னாடி.

இதோட போட்டுக் கொழப்பிக்கிற இன்னொரு வார்த்த ஃபீசிபிள் (feasible), அது அதவிட பழசு, 'செய்'யிங்கிற லத்தீன் வார்த்தைல இருந்து வந்தது, செய்ய முடியுமா, அவ்ளோதான் கேள்வி. 1964 டிசம்பர் புயல்ல பாம்பன் பாலம் போச்சே, ஆறு மாசம்னு சொன்ன வேலைய ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாள்ல முடிச்சுக் காட்டுனாரு, அது ஃபீசிபிள். அதே புயல்ல போன தனுஷ்கோடிய மனுசன் வாழத் தகுதியில்லாத எடம்னு கவர்மெண்டு சொல்லிருச்சு, பாலத்துக்கு ரயில் திரும்பி வந்துச்சு, தனுஷ்கோடிக்கு வரல, அதுதான் வயபிள் இல்லங்கிறது. இன்னைக்கும் அங்க குடிசை போட்டு மீன் புடிக்கிறவங்க இருக்காங்க, அது வேற கத.

இப்ப சித்தி விஷயம். செய்ய முடியுமான்னா தாராளமா முடியும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, கயித்துல பாசிய துண்டு துண்டா கட்டி கடல்ல விட்டா 45 நாள்ல அறுத்துரலாம், காய வச்சுக் குடுத்தா ஐஸ்கிரீம், பேஸ்ட்டுக்கு சேக்குற பொருளுக்காக வாங்கிக்கிறாங்க. அவ சின்னதுலயே முங்கி மரிக்கொழுந்து பாசி எடுத்தவ, அன்னைக்கு கரைல உக்காந்து நான் ஒரு கயிறு கட்டுறதுக்குள்ள அவ வெத்தலையும் போட்டுக்கிட்டு மூணு கயிறு முடிச்சுட்டா. பொழைக்குமாங்கிறதுதான் கஷ்டம். வெயில் மாசத்துல தண்ணி சூடாச்சுன்னா பாசி வெளுத்துப் போயி தொட்டா கையோட குழைஞ்சு வரும், அப்ப அந்த அறுப்பும் போச்சு, அடுத்த நடவுக்கு வெதைப்பாசியும் காசு குடுத்து வாங்கணும். வாடைக் காத்துல மிதவையே பிச்சுக்கிட்டுப் போயிரும். பாம்பன் பக்கத்துல இருக்குற குருசடைத் தீவுல இதே பாசி பவளப்பாறை மேல படர்ந்து பிரச்சனையானதும் உண்டு, அதனால எந்த எடத்துல போடுறாங்கன்னும் பாக்கணும்.

நீ இதையெல்லாம் பாத்துட்டுத்தான் சொன்னியா, இல்ல ஆபீஸ்ல சொல்ற பழக்கத்துல வாய்ல வந்துருச்சா? எனக்கு ரெண்டாவதுன்னுதான் தோணுது. வெயில் மாசத்துக்கு வரவே இல்லன்னு போட்டு, மூங்கில், கயிறு, லோன் வட்டி எல்லாம் கழிச்சு மிச்சம் என்ன நிக்கும்னு தமிழ்ல எழுதி அவளுக்கே அனுப்பு. வியாழக்கிழமை குழு பொம்பளைங்களோட பேங்க்குக்குப் போறா, அதுக்குள்ள வரணும். ஊர்ல இருந்து யாராச்சும் நீ இருக்குற எடத்துக்குக் கெளம்புறாங்கன்னா சொல்லு, நெத்திலிக் கருவாடு கட்டி வச்சிருக்கேன்.

அம்மா