மயிலாடுதுறைக்கு மாறுதலாகி வரும் அதிகாரிகளுக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மாறுதல் உத்தரவோடு எங்கள் ஊருக்கு வந்திருக்கிறீர்கள். கோப்புகளைப் பிரிக்கும் முன்பு ஊரின் ஒரு கதையை நீங்கள் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அரசுப் பதிவில் மாயூரம் என்றிருந்த ஊர் 1982-இல் மயிலாடுதுறை ஆனது. பேச்சில் எங்களுக்கு இன்றும் மாயவரம்தான். நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து, 2020 டிசம்பர் 28 அன்று தமிழ்நாட்டின் 38-ஆவது மாவட்டமானோம். அதற்கு முன்பு கொள்ளிடக்கரைக்காரர் ஒருவர் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டுமென்றால் சீர்காழி, தரங்கம்பாடி தாண்டி, புதுச்சேரி ஆட்சியிலுள்ள காரைக்காலுக்குள் புகுந்து வெளியேறி நாகப்பட்டினம் போக வேண்டும். ஒரு பக்க மனுவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். தனி மாவட்டம் வேண்டும் என்று அத்தனை காலம் கேட்டதற்கு இந்த அலைச்சலும் ஒரு காரணம்.

சரி, கதைக்கு வருகிறேன். ஐப்பசி முழுக்க இங்கே காவிரியில் துலா நீராடல். கங்கை முதலான நதிகள் எல்லாம் தங்கள் பாவம் கழுவ இந்த மாதம் இங்கே வருவதாக நம்பிக்கை. மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்தில் அன்று தலைகள்தான் தெரியும். நடக்க முடியாத ஒருவர் வெகுதூரத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து வந்தாராம். வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. அவர் மாயூரநாதரிடம் அழுதார். ‘நாளைக்கு முழுகு, அதே பலன் உண்டு’ என்றாராம் இறைவன். அதனால்தான் கார்த்திகை முதல் நாளும் எங்களுக்கு முழுக்கு நாள். அதற்கு முடவன் முழுக்கு என்று பெயர். அந்தச் சொல் இன்று காதில் உறுத்துகிறது. ஆனால் அந்த மனிதருக்காகக் கெடு ஒரு நாள் நீண்டதைத்தான் ஊர் இத்தனை தலைமுறையாகக் கொண்டாடுகிறது.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. என் அத்தை பட்டா மாறுதலுக்காக இரண்டு பஸ் மாறி ஓர் அலுவலகத்துக்குப் போனார். மனு வாங்கும் நேரம் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. ‘அடுத்த வாரம் வாங்கம்மா’ என்றார்கள். அப்புறம் வந்த பதில் கடிதத்தை மூன்று பேர் படித்தும் யாருக்கும் புரியவில்லை. அத்தைக்கு வயது எழுபத்திரண்டு.

இதே ஊரில் முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை 1879-இல் தந்தவர் என்று ஊரே அறியும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஆங்கிலத்தில் கிடந்த நீதிமன்றத் தீர்ப்புகளை அவர் 1862-இலேயே தமிழாக்கி வெளியிட்டதுதான். வழக்காடுபவனுக்குத் தன் வழக்கு புரிய வேண்டும் அல்லவா?

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் தூரத்துக் கிராமத்துக்காரர்களின் பஸ் வந்து சேரும்வரை மனு வாங்க ஒருவரை உட்கார வையுங்கள். பதிலை, வாங்குபவருக்குப் புரியும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் துலாக்கட்டத்தில் கழிவுநீர் வாடை இல்லாமல் செய்யுங்கள்.

கார்த்திகை முதல் தேதி விடியற்காலையில் நீங்களே ஒரு முறை வாருங்கள். ஜீப்பை மணிக்கூண்டுப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். அந்தப் படிகளில் கால் முடியாத ஒருவர், யார் தோளையும் பிடிக்காமல் தண்ணீர்வரை இறங்க முடிகிறதா என்று நின்று பாருங்கள்.

அன்புடன்,
மாயவரத்துக்காரன் ஒருவன்